முக்கால் புள்ளி

எங்கள் மருத்துவமனையின் அடித்தளத்தில், நான் வேலை பார்க்கும் ஸ்கேன் அறையிலிருந்து இரண்டு கதவு தள்ளி, ஜன்னல் இல்லாத சின்ன அறை ஒன்று இருக்கிறது. அங்கே இரண்டு பெரிய திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்மணிக்கு மருத்துவமனை முழுக்க ஒரே பெயர்தான்: முடி அக்கா. டாக்டர்கள் கூப்பிடுவதும் அப்படித்தான். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொன்னால் அவரே ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார்.

பட்டப்பெயர் முந்தைய வேலையிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. துணிக்கடை விளம்பரங்களுக்குப் படம் வெட்டிக் கொடுக்கும் நிறுவனத்தில் அவர் பன்னிரண்டு வருடம் இருந்தார். புடவை கட்டி நிற்கும் பெண்ணின் படம் வரும். பின்னால் இருக்கும் சுவரை எடுத்துவிட்டுப் பெண்ணை மட்டும் தனியாகப் பிரித்துத் தர வேண்டும். தோளையும் கையையும் யாரும் வெட்டிவிடலாம். தலைமுடிதான் ஆளை மூச்சு வாங்க வைக்கும். காற்றில் பறக்கும் சுருட்டை முடியை மற்றவர்கள் ஹெல்மெட் மாட்டியதுபோல வெட்டி வைப்பார்கள். இவர் ஒவ்வொரு இழையாக, சுவரின் நிறம் சேராமல் பிரித்து எடுப்பார். "முடியா? அக்காகிட்ட குடு" என்பது நாளடைவில் பெயராகிவிட்டது. "முடியாததையும் முடிக்கிறதாலதான் முடி அக்கா" என்று அவருடைய கணவர், நகரப் பேருந்து ஓட்டுநர், புது ஆட்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அவர் எங்களிடம் வந்து சேர்ந்ததில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. மாமியாரின் முழங்காலை ஸ்கேன் எடுக்க ஒருநாள் அழைத்து வந்தார். மாமியார் உள்ளே படுத்திருக்க, இவர் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் "ஏதாவது பயப்படற மாதிரி இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். இவர் கேட்டது வேறு.

"இதுல எலும்பு தனியா, சதை தனியா பிரிக்கணும்னா யாரு பிரிப்பாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வாரம்தான் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். ஸ்கேன் படங்களில் உறுப்புகளின் எல்லையை வரைந்து கொடுக்க ஆள் தேவை. போய்ப் பாருங்கள் என்றேன்.

தேர்வுக்கு இருபது சிறுநீரகப் படங்கள் கொடுத்தார்கள். மற்றவர்கள் அரை நாள் எடுத்துக்கொண்டதை முக்கால் மணி நேரத்தில் முடித்துக் கொடுத்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்று கேட்டாராம். தேர்வு வைத்த புரோகிராமர் ஏதோ குறுக்கு வழி என்று சந்தேகப்பட்டு, எதிரே உட்கார வைத்து இன்னொரு படம் வரையச் சொன்னார். அதையும் வரைந்தார். மறுவாரம் அக்கா வேலைக்கு வந்துவிட்டார்.

வேலை இதுதான். மூளையில் கட்டி உள்ளவர்களின் ஸ்கேன் வரும். ஒருவருக்கு நூறு, நூற்றைம்பது படங்கள், ரொட்டியைத் துண்டு போட்டதுபோல மேலிருந்து கீழாக. ஒவ்வொன்றிலும் கட்டியைச் சுற்றிக் கோடு போட வேண்டும். கோட்டுக்கு உள்ளே இருக்கும் புள்ளிகளுக்கு ஒன்று, வெளியே இருப்பவற்றுக்குப் பூஜ்யம். அப்படிக் குறித்தவற்றைக் கொண்டு, கட்டியைத் தானே பிரித்து அளக்கும் புரோகிராம் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தார் புரோகிராமர். முப்பது வயதுக்காரர், வீட்டில் கைக்குழந்தை, சட்டையில் எப்போதும் ஏதாவது கறை. அக்காவைவிட எட்டு வயது இளையவர்.

நான்கு மாதம் நன்றாகப் போனது. பிறகு அக்கா முகம் சுளிக்க ஆரம்பித்தார். ஒருநாள் டீ குடிக்க வந்தவர் என்னிடம் சொன்னார்: "தினமும் ரெண்டாயிரம் பொய் சொல்லிட்டு வீட்டுக்குப் போற மாதிரி இருக்கு."

"என்ன பொய்?"

"ஓரத்துல இருக்கற புள்ளிய உள்ள, வெளியன்னு சொல்றேன்ல, அது. எனக்கே தெரியாது. கை எங்க போகுதோ அங்க கோடு."

அதே வாரம் புரோகிராமரும் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தார். அக்காவுக்குத் தெரியாமல், ஒரே நோயாளியின் ஸ்கேனை மூன்று வார இடைவெளியில் இரண்டு தடவை கொடுத்துப் பார்த்திருக்கிறார். இரண்டு தடவையும் அக்கா வரைந்த கட்டியின் அளவில் நூற்றுக்குப் பதினெட்டு வித்தியாசம். அதைச் சொல்ல வந்தவர் வாசலில் நின்று கையைப் பிசைந்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கே உங்க கோடு ஒத்துப்போகல."

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. பன்னிரண்டு வருடம் பெயரெடுத்த கை அது. நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பினார். பிறகு, "சரி தம்பி. இதே படத்த டாக்டருங்ககிட்டயும் குடுங்க. அவங்க என்ன போடறாங்கன்னு பாப்போம்" என்றார்.

கொடுத்தார்கள். ஸ்கேன் பிரிவின் தலைமை டாக்டர் ஒருவர். எல்லோருக்கும் அவர் மேடம். இன்னொருவர் இளைய டாக்டர். இருவரும் தனித்தனியாகக் கோடு போட்டார்கள். அக்காவின் இரண்டு கோடுகளையும் சேர்த்து நான்கையும் நான்கு நிறத்தில் ஒரே படத்தின் மேல் போட்டுத் திரையில் காட்டினார் புரோகிராமர். நானும் எட்டிப் பார்த்தேன். டாக்டர்கள் இருவருக்கும் நடுவில் வித்தியாசம் முப்பதைத் தொட்டது.

"நீங்க வீக்கத்தையும் சேர்த்துட்டீங்க" என்றார் மேடம்.

"இல்ல மேடம், நீங்கதான் கட்டியோட ஓரத்த விட்டுட்டீங்க" என்றார் இளையவர்.

பேச்சு கொஞ்சம் சூடேறியது. அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார்.

"நாலு கோடும் இந்தப் பக்கம் ஒண்ணு மேல ஒண்ணா போகுது பாருங்க. யாருக்கும் சண்டையே இல்ல. இந்தப் பக்கம் மட்டும் நாலும் நாலு தெசையில ஓடுது. கை தப்புன்னா எல்லா எடத்துலயும் தப்பணும் இல்லையா மேடம்? இங்க படத்துலயே கோடு இல்ல. இல்லாத கோட்ட ஆளாளுக்குப் போட்டுட்டு சண்டை போடறோம்."

எனக்கு அப்போதுதான் வாய் திறக்கத் தோன்றியது. இயந்திரத்தை ஓட்டுகிறவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "ஒரு புள்ளிங்கறது மூளையில ஒரு மில்லிமீட்டர் துண்டு. அதுக்குள்ள பாதி கட்டி, பாதி நல்ல மூளைன்னு இருந்தா, மிஷின் ரெண்டையும் கலந்து ஒரே சாம்பல் நிறமாத்தான் குடுக்கும்."

அக்கா சட்டென்று என் பக்கம் திரும்பினார். "அப்போ அது அரைப் புள்ளி. இது முக்கால் புள்ளி. அத ஏன் ஒண்ணுன்னு எழுதணும்? முக்கால்னே எழுதலாமே. முடியில அப்படித்தான் செய்வோம். நுனி முடின்னா எண்பது பங்கு முடி, இருபது பங்கு செவுரு. இல்லன்னா ஹெல்மெட்டுதான்."

புரோகிராமர் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தபடியே நின்றார். "இதுக்குக் கணக்கு இருக்குக்கா" என்றார் மெதுவாக. "காலேஜ்ல ஒரு பாடமே இருந்துச்சு. பரீட்சைக்கு வராதுன்னு விட்டுட்டேன்."

"பேரு என்ன?"

"ஃபஸி. ஓரம் தெளிவா இல்லாததுன்னு அர்த்தம்."

"பேரே பஞ்சு மாதிரி இருக்கு. அதத்தான் எடுங்க முதல்ல."

அதற்குப் பிறகு அந்த அறையின் கதி வேறாகிவிட்டது. விட்டுப்போன பாடத்தைப் புரோகிராமர் மூன்று நாளில் கரைத்துக் குடித்தார். படித்ததை அக்காவுக்குச் சொல்ல, அக்கா அதைத் தன் பாஷையில் எனக்குச் சொன்னார். படத்தில் கட்டி, வீக்கம், நல்ல மூளை, நீர் என்று நான்கு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முதலில் குத்துமதிப்பாக ஒரு சாம்பல் நிறத்தைச் சொல்லி வைக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் எந்தக் கூட்டத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்று பார்த்துத் தன்னைப் பங்கு போட்டுக் கொடுக்கும். பங்குகளைக் கூட்டினால் ஒன்று வரவேண்டும். அந்தப் பங்குகளை வைத்துக் கூட்டங்களின் நிறத்தைத் திருத்த வேண்டும். திருத்திய நிறத்தை வைத்து மறுபடி பங்கு. இப்படியே சுற்றிச் சுற்றி, இனி ஒன்றும் நகரவில்லை என்னும்போது நிறுத்திவிடலாம்.

"எங்க வீட்டுக்காரர் பஸ்ஸுல ஏறுற கூட்டம் மாதிரிதான்" என்றார் அக்கா. "மொதல்ல தள்ளுமுள்ளு. ரெண்டு ஸ்டாப் போனா தன்னால அமைஞ்சிடும்."

முதல் தடவை ஓட்டியபோது ஒன்றும் அமையவில்லை. மூளை முழுக்க அம்மை போட்டதுபோலப் புள்ளி புள்ளியாகக் கட்டி என்று வந்தது. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் கொழுப்பையும் கட்டி என்றது. புரோகிராமர் தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் கொழுப்பை ஓரமாக விலக்கி வைக்க ஒரு வழி சொன்னார். அது சுலபம். மண்டை ஓட்டுக்கு வெளியே இருப்பதை முதலிலேயே வெட்டி எடுத்துவிட்டால் போதும். அம்மைப் புள்ளிகள்தான் கஷ்டம்.

அந்தப் புள்ளிகளைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தவர் ஒரு மத்தியானம் சொன்னார்: "தம்பி, இது தனியா நிக்குது. சுத்தி இருக்கற எட்டுப் பேரும் நல்ல மூளை. இவன் மட்டும் எப்படிக் கட்டியாவான்? ஒருத்தனப் பத்தி முடிவு பண்றதுக்கு முன்னாடி அக்கம்பக்கத்துல விசாரிக்க வேணாமா?"

புரோகிராமர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கீபோர்டைத் தட்ட ஆரம்பித்தார். அவர் தட்டிய வேகத்தைப் பார்த்து நான் என் வேலையை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன். ஒரு புள்ளி தன் பங்கைச் சொல்லும்போது பக்கத்துப் புள்ளிகளின் பங்கையும் கொஞ்சம் கலந்துகொள்ளும்படி மாற்றினார். அம்மை மறைந்தது. ஆனால் மெல்லிய ஓரங்களும் கூடவே மறைந்தன.

"ஊர் பேச்சையே கேட்டா சொந்த புத்தி போயிடும்" என்றார் அக்கா. "கொறைங்க."

குறைத்தார்கள், கூட்டினார்கள், மறுபடி குறைத்தார்கள். இருவருக்கும் சாப்பாடு ஞாபகம் இல்லை. அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் அக்கா கணவரின் பேருந்திலேயே ஏறி உட்கார்ந்து, வீடு இருக்கும் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டார். கடைசி நிறுத்தத்தில் கணவர் இறங்கி வந்து, "டிக்கெட் இல்லாம ரெண்டு தடவை ஊரச் சுத்தலாம்னு உத்தேசமா?" என்று கேட்ட பிறகுதான் நினைவு வந்ததாம். வீட்டில் மகளிடமும் அதே பேச்சு. "அம்மா, நான் படிச்சிட்டேனான்னு கேட்டா இனிமே முக்கால்னுதான் சொல்வேன்" என்று அந்தப் பெண் பதில் சொல்லியிருக்கிறாள்.

மூன்றாவது வாரத்தில் படம் வந்தது. நடுவில் கட்டி பளிச்சென்று, முழு ஒன்றாக. ஓரத்தில் விடிகாலைப் பனிபோல மெல்ல மெல்லக் குறைந்து, எங்கே முடிகிறது என்று தெரியாமல் நல்ல மூளைக்குள் கரைந்தது. நான்கு கோடுகள் ஒன்றாகப் போன பக்கத்தில் அந்தப் பனி நூலளவு. சண்டை வந்த பக்கத்தில் விரலளவு. அக்கா திரையைத் தொட்டுப் பார்த்தார். "இதான். இதத்தான் நான் பாத்துட்டு இருந்தேன். வரையத்தான் விடல." மேடத்தைக் கூப்பிட நான் மாடிப்படியில் ஓடினேன். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை.

மேடம் வந்து பார்த்தார், ரொம்ப நேரம். பாராட்டு எதுவும் சொல்லவில்லை. "நாளைக்கு ஒரு கேஸ் அனுப்பறேன். பாத்துச் சொல்லுங்க" என்றார்.

அந்த கேஸ் பாட்டு டீச்சருடையது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுப்பவர்; நாற்பத்தைந்து வயது. ஒரு வருடத்துக்கு முன்னால் மூளையில் அறுவை சிகிச்சை நடந்து, எடுக்க முடியாத கொஞ்சம் மீதி இருந்தது. எனக்கு அவரை நன்றாகத் தெரியும். இயந்திரத்துக்குள் படுத்தால் அதன் சத்தத்துக்குச் சுருதி சேர்த்து முணுமுணுப்பார். "அசையக்கூடாது டீச்சர்" என்று மைக்கில் சொல்ல வேண்டியிருக்கும். இந்தத் தடவை அவர் முணுமுணுக்கவில்லை. போன ஸ்கேனில் கட்டி ஒன்பதரை மில்லிலிட்டர். இந்தத் தடவை பன்னிரண்டு. நான்கில் ஒரு பங்கு வளர்ந்துவிட்டது என்று கணக்கு. அடுத்த வியாழக்கிழமை மறுபடி அறுவை சிகிச்சை என்று சர்ஜன் நாள் குறித்திருந்தார். இடம் பேச்சு வரும் பகுதிக்குப் பக்கத்தில். பேச்சு வரும், பாட்டு வருமா என்று சொல்ல முடியாது என்று சர்ஜன் மறைக்காமல் சொல்லியிருந்தார்.

அக்கா இரண்டு ஸ்கேன்களையும் திறந்தார். முதலில் அவர் பார்த்தது கோடுகளைத்தான். "இது ரெண்டும் ஒரே கை இல்ல" என்றார். உண்மைதான். முதல் கோட்டைப் போட்ட டாக்டர் வேலை மாற்றலாகிப் போய்விட்டார். அவருடையது இறுக்கமான கை. இரண்டாவது இளைய டாக்டருடைய தாராளமான கை.

இரண்டு ஸ்கேன்களையும் புதிய முறையில் ஓட்டினார்கள். புள்ளிகளின் பங்குகளைக் கூட்டி அளவெடுத்தார்கள். பழையது பத்து புள்ளி ஒன்பது. புதியது பதினொன்று புள்ளி ஒன்று.

புரோகிராமர் எண்களை இரண்டு தடவை படித்தார். "அக்கா. வளரவே இல்ல."

"கத்தாதீங்க. மறுபடி ஓட்டுங்க."

ஐந்து தடவை ஓட்டினார்கள். தொடக்க நிறங்களை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். அதே எண்கள்தான். மேடம் கீழே வந்து, எங்கள் எண்களை ஒதுக்கிவிட்டு, மற்ற வகை ஸ்கேன் படங்களையும் சேர்த்து வைத்து ஒரு மணி நேரம் தன் கண்ணால் பார்த்தார். பிறகு சர்ஜனை வரச் சொன்னார்.

சர்ஜன் உயரமான மனிதர். எதையும் நின்றபடியே கேட்பார். அந்தப் பனிப் படத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "எனக்குக் கத்தி வைக்க ஒரு கோடு வேணும். முக்கால் கத்தி வைக்க முடியாது."

யாரும் எதிர்பார்க்கவில்லை, அக்கா பேசினார். "வெட்றதுக்குக் கோடு நீங்கதான் சார் போடணும். அதுல நான் தலையிடல. ஆனா வளந்துச்சா இல்லையான்னு கேக்கறதுக்குக் கோடு வேணாமே. ரெண்டு பேரு போட்ட கோட்டக் கழிச்சா, வர்றது கட்டியோட வளர்ச்சி இல்ல. ரெண்டு கைக்கும் உள்ள வித்தியாசம்."

சர்ஜன் அவரைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார்.

"இந்தப் படம் சொல்லுதுன்னு மட்டும் நான் சொல்லல" என்றார் மேடம். "என் கண்ணும் அதையேதான் சொல்லுது. ஆறு வாரம் தள்ளுவோம். ஏதாவது அறிகுறி வந்தா அன்னைக்கே எடுத்துடுவோம்."

சர்ஜன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "சரி, அந்த ரெண்டு கோட்டையும் காட்டுங்க" என்றார்.

ஆறு வாரம் அக்கா படாத பாடு பட்டார். எண் தவறாக இருந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? டீச்சரைத் தாழ்வாரத்தில் பார்த்தால் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். ஆறாவது வாரம் ஸ்கேன் எடுத்தது நான்தான். டீச்சர் உள்ளே போனதும் முணுமுணுப்பு கேட்டது. நான் அசையாதீர்கள் என்று சொல்ல மைக்கை எடுத்து, அப்படியே ஒரு நொடி கேட்டுவிட்டுத்தான் சொன்னேன்.

படங்கள் அந்த அறைக்குப் போயின. அக்கா திரைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். "சொல்லுங்க தம்பி. நான் திரும்ப மாட்டேன்."

"பதினொண்ணு."

"பதினொண்ணு புள்ளி?"

"பதினொண்ணேதான்க்கா. புள்ளி பூஜ்யம்."

அக்கா திரும்பவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். புரோகிராமர் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்து வந்தார். அக்கா அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார், சத்தம் வராமல், தோள் குலுங்க.

மேடத்திடம் விஷயத்தைக் கேட்டறிந்து டீச்சர் கீழே வந்தார், தன் தலைக்குள் இருப்பதைப் பார்க்க வேண்டும் என்று. அக்கா காட்டினார். ஓரத்துப் பனியைத் தொட்டு, "இது என்னங்க, மங்கலா?" என்று டீச்சர் கேட்டார்.

"அங்க ரெண்டும் கலந்து கெடக்குங்க. எவ்வளவு கலந்திருக்கோ அத அப்படியே எழுதி வெச்சிருக்கோம்."

"எங்க ஸ்கூல்ல இப்படி எழுதினா மார்க் போட மாட்டாங்க" என்றார் டீச்சர். அக்காவும் புரோகிராமரும் சேர்ந்து சிரித்தார்கள்.

எல்லா கேஸிலும் நல்ல செய்தியே வந்தது என்று சொன்னால் நானும் பொய் சொன்னவனாவேன். நான்கு மாதம் கழித்து ஒரு தச்சரின் ஸ்கேன் வந்தது. கோடு போட்டு அளந்தபோது எந்த மாற்றமும் இல்லை. வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல இருந்தார்கள். பனிப் படத்தில், கோட்டுக்கு வெளியே நூற்றுக்குப் பத்துப் பங்கு கட்டியாக இருந்த புள்ளிகள் முப்பது பங்காகியிருந்தன. கோட்டுக்குக் கண் தெரியாத இடத்தில் கட்டி நகர ஆரம்பித்திருந்தது. இந்தத் தடவை சர்ஜனை யாரும் கூப்பிடவில்லை. அவரே படியிறங்கி வந்து, அக்காவின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "எந்தப் பக்கம் போகுது, காட்டுங்கம்மா" என்றார். அந்த வாரமே சிகிச்சை தொடங்கியது. தச்சர் இப்போதும் பரிசோதனைக்கு வந்து போகிறார். அவருடைய புள்ளிகள் இன்னும் முழுசாக அடங்கவில்லை.

ஒன்று, பூஜ்யம் என்று இருந்த பழைய விதித்தாளைக் கிழித்துவிட்டு அக்காவும் புரோகிராமரும் சேர்ந்து புதிதாக எழுதினார்கள். அதன் முதல் வரி அக்கா சொன்னது: ஓரத்தில் சந்தேகம் வந்தால் மறைக்காமல் எண்ணாக எழுதுக. எங்கிருந்தெல்லாமோ டாக்டர்கள் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அக்காவை ஒரு கூட்டத்தில் மேடையேற்றினார்கள். எழுதி எடுத்துப்போன காகிதத்தை மறந்து, ஒரு புள்ளியின் எட்டு அடுத்த வீட்டுக்காரர்களைப் பற்றியே அரை மணி நேரம் பேசிவிட்டு இறங்கினார், கைதட்டல் நின்றபாடில்லை.

போன திங்கட்கிழமை இதயப் பிரிவிலிருந்து ஒரு டாக்டர் வந்திருந்தார். கையில் புது ஸ்கேன். அக்கா திறந்து பார்த்தார். திரையில் இதயம் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது.

"இது நிக்கவே நிக்காதா?"

"நின்னா வம்புதானேம்மா" என்றார் அந்த டாக்டர்.

அக்கா சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்தார். "தம்பி, இங்க வாங்க" என்று பக்கத்து அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "இங்க ஓரமே ஓடுது."